முன்னே போனவன் இறங்கிவிட்டானே

ஜூலை 3, பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணன், 2010இல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் போலந்து விமானப்படை விமானம் ஒன்று பனிமூட்டத்தில் தரையிறங்கப் போய் விழுந்து, ஜனாதிபதி உட்பட 96 பேர் இறந்தார்களே, அதைப் பற்றி நேற்று ஒரு காணொளி பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் நெருக்கியிருப்பார்கள், விமானிக்கு மறுக்கத் தைரியம் வந்திருக்காது. எனக்கு அப்படித்தான் படுகிறது. முப்பது வருடம் பனிக்குள் லொறி ஓட்டியவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஜூலை 4, காலை

சரியாகப் பிடித்தாய் தம்பி. அதற்கு நானே சாட்சி.

1993. கொழும்பில் தேயிலையை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்தை நடத்தும் துரையின் கார் பழுதாகிக் கொழும்பிலேயே நின்றுவிட்டதால் அவரும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கினிகத்தேனை தாண்டி மேலே ஏறினால் பனி. முன்விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர். அணைத்தால் கறுப்புச் சுவர். நிறுத்தலாமா என்று கேட்டேன். "காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, நான் இருக்க வேண்டும், போ" என்றார். போனேன். தோட்டப் பாதை என்று நினைத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் வண்டித் தடத்தில் திரும்பினேன். மடுவத்தின் தூண் ஒன்று முறிந்தது. முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கியது. தூணுக்கான பணத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். துரையிடம் யாரும் எதுவும் பிடிக்கவில்லை.

பக்கத்தில் அதிகாரம் உட்கார்ந்திருந்தால் சாரதியின் கால் பிரேக்கை மறந்துவிடும்.

ஜூலை 4, இரவு

இன்னொன்று. அதே போலந்து ஜனாதிபதி, லெக் கச்சின்ஸ்கி, 2008 ஆகஸ்டில் ஜோர்ஜியப் போரின்போது திபிலிசிக்குப் போய் இறங்க வேண்டும் என்றார். போர் நடக்கும் இடத்தில் இறக்க முடியாது என்று விமானி மறுத்து, அஸர்பைஜானின் கஞ்சா நகரில் இறக்கினார். மேலிடம் சொல்லியும் மசியவில்லை. ஜனாதிபதி அங்கிருந்து தரைவழியாகப் போக வேண்டியதாயிற்று. அந்த விமானிக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சர் பதக்கம் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் கோழை என்று திட்டியவர்களும் இருந்தார்கள். அந்தப் பறப்பில் துணை விமானியாக இருந்தவர்தான் 2010இல் ஸ்மோலென்ஸ்க் விமானத்தின் தலைமை விமானி. மறுத்தவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஜூலை 5

மகள் ஆங்கில ஆசிரியை. நேற்று இரவு நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்பா, தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் வழக்கைப் படிப்பீர்களா?" என்று கேட்டாள். உட்கார வைத்து அறிக்கைகளைத் தமிழில் சொன்னாள். கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

போலந்து விமானப்படைத் தளபதி விமானி அறைக்குள் நின்றார் என்று ரஷ்ய அறிக்கை சொன்னது. அந்தக் குரல் அவருடையதுதானா என்பதைப் பின்னர் ஒலிப்பதிவை ஆராய்ந்த போலந்து நிபுணர்கள் ஒரே முடிவாகச் சொல்லவில்லை. "இறங்கு" என்று ஜனாதிபதி கட்டளையிட்டதாக எந்தப் பதிவும் இல்லை. நெருக்கடி இருந்திருக்கும்தான். 1940இல் சோவியத் ஆட்சி போலந்து அதிகாரிகளைக் கொன்ற கட்டின் படுகொலையின் எழுபதாவது ஆண்டு நினைவுக் கூட்டம், ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் இருந்திருக்கும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு. ஆசிரியையைப் பெற்றால் இந்தத் தொல்லை.

நான் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அதே காலை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு முன், செய்தியாளர்களை ஏற்றி வந்த போலந்து விமானப்படையின் யாக்-40 அதே ஓடுபாதையில் இறங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த ரஷ்ய இலூஷின்-76 இரண்டு தரம் முயன்று முடியாமல் திரும்பிப் போயிற்று. கீழே நின்ற யாக்-40 குழுவினர் மேலே இருந்த தங்கள் ஆட்களிடம் வானொலியில் பேசினார்கள். நிலைமை மோசம், இலூஷின் திரும்பிவிட்டது என்பதையும் சொன்னார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம், நீங்களும் ஒரு தரம் முயன்று பார்க்கலாம் என்ற பொருளிலும் சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரமோ, 400 மீற்றர்தான் தெரிகிறது, இறங்கும் நிலைமை இல்லை என்றது.

இரண்டு செய்தி வருகிறது. ஒன்று அந்நிய நாட்டுக் கோபுரம் சொல்வது, இன்னொன்று நம் ஆள் சொல்வது. நீ எதைக் கேட்பாய்?

ஜூலை 6

"பனி என்றால் கண் தெரியாது, கருவி எதற்கு இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கருவி இருந்தது. வாசித்தார்கள். அதுதான் விஷயமே.

உயரம் பார்க்க இரண்டு வழி. ஒன்று காற்றழுத்த உயரமானி: ஓடுபாதை மட்டத்தின் அழுத்தத்தை அதில் வைத்துவிட்டால், அந்த மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறாய் என்று காட்டும். இன்னொன்று ரேடியோ உயரமானி: வயிற்றுக்கு நேர் கீழே இருக்கும் மண் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லும். முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை, அதன் வேலை அதுவல்ல.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேற்பிரிவு லயத்து வீடுகளிலிருந்து பாருங்கள். தேயிலை மலை சரிந்து ஆற்றுக்கு இறங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஏறி, ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, நிற்கும் மேட்டில் முடியும். ஒரு கொக்கு தேயிலைச் செடிக்கு மேல் நூறு அடி, நூறு அடி என்று அளந்துகொண்டே பறந்தால், ஆறு வரைக்கும் நிம்மதியாகத் தாழ்ந்துகொண்டே போகும். அளவு மாறவே மாறாது. அந்தப் பக்கம் மேடு ஏறத் தொடங்கும்போது எதிரே ஸ்டோர் சுவர்.

ஸ்மோலென்ஸ்க் ஓடுபாதைக்கு முன்னால் அப்படி ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. உயரம் வாசித்தவர் ரேடியோ உயரமானியைப் பார்த்து வாசித்தார். "நூறு" என்றார். சில விநாடி கழித்து மறுபடியும் "நூறு". விமானம் வேகமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கீழே மண்ணும் அதே வேகத்தில் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் எண் அசையவில்லை. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கைக் கருவி மேலே இழு, மேலே இழு என்று கத்திக்கொண்டிருந்தது. அது இராணுவ விமானத்தளம். அக்கருவியின் தரவில் அந்த ஓடுபாதை இல்லை. அதனால் அங்கே கருவி எப்படியும் கத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். பொய்யாகக் கத்தும் என்று தெரிந்த நாயை உண்மையாகக் குரைக்கும்போது யார் கவனிப்பது?

கடைசியில் திரும்பிப் போவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். போலந்து ஆணைக்குழு சொல்லும் காரணம் இது: தானாக மேலேறச் செய்யும் பொத்தானை விமானி நம்பியிருக்க வேண்டும். ஐ.எல்.எஸ். என்ற தரைவழிகாட்டி இல்லாத தளத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அங்கே ஐ.எல்.எஸ். இல்லை. அது வேலை செய்யவில்லை என்று புரிந்து கையால் இழுப்பதற்குள் சில விநாடிகள் போய்விட்டன. ஒரு பிர்ச் மரம் இடது இறக்கையின் நுனிப் பகுதியை அறுத்தது. விமானம் மல்லாந்துவிட்டது.

அந்த மரம் எப்படி இறக்கையை அறுக்கும், அது குண்டு, அது சதி என்றெல்லாம் போலந்தில் இன்னும் பேசுகிறார்கள். அதை இங்கே யாரும் தொடங்க வேண்டாம். நம்மிடம் சதிக்கதைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன.

ஜூலை 6, பின்னிரவு

மின்சாரம் போய்விட்டது. சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. எதிர் வீட்டு நாய் குரைக்கிறது, நாயைக் காணோம்.

ஜூலை 8

"சமவெளி ரஷ்யாவின் பனிக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்ட நோர்வூட் வாசகருக்கு: உங்கள் வீட்டு வாசலில் நின்று மஸ்கெலியாப் பக்கம் பாருங்கள். ஏழு கன்னியர் மலை தெரிகிறதா? பனி இருந்தால் தெரியாது. 1974லும் தெரியவில்லை.

டிசம்பர் 4, இரவு பத்து மணி சுமார். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குப் போகும் யாத்திரிகர்கள். நெதர்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8. எரிபொருளுக்காகக் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். 182 பயணிகள், 9 பணியாளர்கள், மொத்தம் 191 பேர். அந்த மலையில் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையின் வான் விபத்துகளில் இன்று வரை அதுதான் பெரியது.

எனக்கு அப்போது பத்து வயது. இடி என்றுதான் நினைத்தோம். ஆனால் இடி ஒரு தரம் உருண்டு ஓயும். இது ஓயாமல் நின்றது, பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. அம்மா, "மலை சரிகிறது" என்று எங்களை எழுப்பி வாசலில் உட்கார வைத்தாள். மழைக்காலத்தில் லயத்துக்காரர்களுக்கு முதல் பயம் அதுதான். விடிந்ததும் கங்காணி வந்து ஆம்பிளைகளைக் கூப்பிட்டார். அப்பா படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்தார். ஒரு வாரம் இறைச்சி தொடவில்லை. "எல்லாரும் சாமி கும்பிடப் போனவர்கள்" என்று மட்டும் சொன்னார். வேறு எதையும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. சாரதியான பிறகு அதைக் கடக்கும்போதெல்லாம் என் டயரைப் பார்த்துக்கொள்வது ஒரு பழக்கமாயிற்று.

சரி, ஏன் மோதியது? விமானத்தில் பழுதில்லை. கட்டுநாயக்காவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில், மலைநாட்டுக்கு நேர் மேலே இருந்துகொண்டு, விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்து, இறங்கினார்கள். கரையோரத்தில் 2,000 அடி என்றால் நல்ல உயரம். இங்கே அது மலைக்குள். எங்கே இருக்கிறோம் என்பதை விமானத்துக்குள்ளிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் வைத்துக் கணக்கிட்டார்கள். டொப்ளர் என்பது இவ்வளவு நேரம் இந்த வேகத்தில் வந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு வரும் கருவி. எண்ணும்போது கொஞ்சம் பிசகினால், அந்தப் பிசகும் கூடவே வளர்ந்துகொண்டு வரும்.

எண்ணிக்கொண்டு வருவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 9

இரண்டு திருத்தம். ஒன்று, 1974 விமானம் இராணுவ விமானம் அல்ல, பயணிகள் விமானம். தம்பி கேட்டது இராணுவத்தைப் பற்றி. இரண்டு, 2020 ஜனவரி 3இல் ஹப்புத்தளையில் விழுந்த நம் விமானப்படையின் வை-12ஐ ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். நான்கு பேர் இறந்த துயரம் அது. ஆனால் அது வீரவிலவிலிருந்து புறப்பட்ட கண்காணிப்புப் பறப்பு; இறங்க வந்த விமானம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

இராணுவ விமானம், மலை, மேகம், தரையிறக்கம், நான்கும் சேர்ந்தது வேண்டுமென்றால் டுப்ரோவ்னிக். குரோஷியா, 1996 ஏப்ரல் 3. அமெரிக்க விமானப்படையின் சிடி-43, உள்ளே வர்த்தகச் செயலாளர் ரோன் பிரவுன் உட்பட 35 பேர். ஓடுபாதைக்கு வரும் திசை 119 பாகை. அவர்கள் வந்தது 110. ஒன்பது பாகை இடது பக்கம். ஒன்பது பாகை என்றால் கடிகார முள்ளில் ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே மலை நின்றது.

அந்த இடத்தில் இறங்கும் முறைக்கு வானொலித் திசைகாட்டி இரண்டு வேண்டும். விமானத்தில் இருந்தது ஒன்று. இறங்கும் முறையையே தவறாக வரைந்திருந்தார்கள். குறைந்தபட்ச உயரத்தைத் தேவைக்கு நூற்றுக்கணக்கான அடி கீழே போட்டிருந்தார்கள். அமெரிக்க விமானப்படையின் சொந்த விசாரணையே விமானிகளோடு மேலதிகாரிகளையும் அந்த வரைபடத்தையும் சேர்த்துத்தான் குற்றம் சொன்னது.

அங்கேயும் அதற்கு முன் ஐந்து விமானங்கள் சிக்கலில்லாமல் இறங்கியிருந்தன.

ஜூலை 9, சற்றுப் பிறகு

கடைசி வரியை எழுதிய பிறகு தேநீர் ஆறிவிட்டது. ஸ்மோலென்ஸ்கில் ஒன்று, டுப்ரோவ்னிக்கில் ஐந்து. முன்னே போனவன் இறங்கிவிட்டானே என்ற செய்தி ஒவ்வொரு தரமும் பின்னால் வந்தவனுக்காகக் காத்திருக்கிறது.

ஜூலை 12

சிரிக்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். 2008 ஜனவரி 23. மறுபடியும் போலந்து விமானப்படை, காசா சி-295 போக்குவரத்து விமானம். மிரோஸ்லாவியெட்ஸ் தளத்தில் இரவு, தாழ்ந்த மேகம், மோசமான பார்வை. இரண்டாம் முயற்சியில் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்து 20 பேரும் இறந்தார்கள். தரை எச்சரிக்கைக் கருவியின் குரல் அணைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் விமானப்படை அதிகாரிகள். எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? வார்சாவில் நடந்த விமானப் பாதுகாப்பு மாநாட்டிலிருந்து.

எங்கள் தோட்டத்தில் ஒரு தரம் வீதிப் பாதுகாப்புக் கூட்டம் வைத்தார்கள். முடிந்து வெளியே வந்தால், கூட்டத்துக்கு வந்த வான் வடிகானுக்குள் கிடந்தது. யாருக்கும் அடியில்லை, ஆகவே அதற்குச் சிரிக்கலாம்.

ஜூலை 13

கோழை என்று திட்டினார்கள் என்று 4ஆம் தேதி எழுதினேன் அல்லவா. திட்டியவர்களில் நானும் உண்டு. ஜோர்ஜியாவில் அல்ல, இங்கே.

தேர்தல் நேரம். பெரிய அரசியல்வாதி ஒருவர் ஹெலிகொப்டரில் வருகிறார் என்று பாடசாலை மைதானத்தில் காலை எட்டு மணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சுண்ணாம்பால் வட்டம் போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஈர மிளாறைக் கொளுத்திப் புகை விட்டார்கள். பனி அந்தப் புகையை விழுங்கிவிட்டது. பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே. இங்கே, அங்கே, கோயில் பக்கம். மூன்று சுற்று. ஒரு தரம் அடிவயிறு மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்து மறைந்தது. பிறகு சத்தம் நுவரெலியாப் பக்கம் போய்த் தேய்ந்துவிட்டது.

"பயந்தாங்கொள்ளி பைலட்" என்று முதலில் சொன்னது நான். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாலை கட்டிய கிழவி ஒருத்தி மட்டும், "போனால் போகட்டும், விழாமல் போனானே" என்றாள். அந்த விமானிக்கு யாரும் பதக்கம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பனி என்று சொல்வதில் பாதி மேகம். சமவெளிக்காரன் அண்ணாந்து பார்க்கும் மேகம் நம் வாசலில் மேய்கிறது. மைதானத்தில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் ஐம்பது யார் தெரியும். இவ்வளவு தெரிகிறதே, இறங்கினால் என்ன என்று தோன்றும். மேலே இருந்து சாய்வாகப் பார்ப்பவனுக்கு அந்த ஐம்பது யாரும் கிடையாது. எல்லா வசதியும் உள்ள விமான நிலையத்தில்கூட, சாதாரண ஐ.எல்.எஸ். முறையில் ஓடுபாதை நெடுகப் பார்வை 550 மீற்றராவது வேண்டும். 200 அடிக்கு வந்தும் விளக்குகள் தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் மட்டும்தான் இருந்தது.

ஜூலை 19

எழுதத் தயக்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் அவன் எழுதிவிடுவான்.

1993இல் என்னோடு கிளீனராக வந்த பையன் இப்போது வத்தளையில் சொந்தமாக இரண்டு லொறி வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று இரவு கூப்பிட்டான். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணன், துரை தூங்கிக்கொண்டல்லவா இருந்தார்?"

தூங்கிக்கொண்டுதான் இருந்தார். யட்டியாந்தோட்டைக்கு முன்பே தூங்கிவிட்டார். கினிகத்தேனையில் தேநீர்க் கடையில் நிறுத்தியபோது விழித்து, "பனி அதிகம் என்றால் இங்கேயே இருந்துவிட்டு விடிந்ததும் போகலாம்" என்று சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். போவோம் என்றது நான். கடைக்காரரிடம் மேலே எப்படி என்று கேட்டேன். "இப்போதுதான் ஒரு பாண் வான் போனது" என்றார். அது போதுமாக இருந்தது. மறுநாள் தோட்டத்துக் கோயிலில் சூரன் போர். சூரனைத் தூக்கி ஆட்டுவது என் முறை. வருடத்துக்கு ஒரு நாள் ஊரே என்னைப் பார்க்கும் நாள். அதை விட்டுவிட்டுக் கினிகத்தேனையில் படுத்திருக்க எனக்கு மனமில்லை.

காலைப் பிரட்டு, "போ" என்ற கட்டளை எல்லாம் நான் பிறகு சேர்த்தவை. எப்போது சேர்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. முதலில் மனைவியிடம் சொல்லியிருப்பேன். பிறகு தவறணையில். முப்பது வருடத்தில் அது நடந்ததாகவே ஆகிவிட்டது. துரை இறந்து பல வருடம். மறுத்துச் சொல்ல ஆளில்லாதவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

அன்று இரவு நான் ஓட்டியது கண்ணால் அல்ல, எண்ணிக்கையால். கடைசிக் கோயில் வளைவிலிருந்து தோட்டப் பாதைக்குப் பன்னிரண்டு மதகு. ஒவ்வொரு மதகிலும் வெள்ளையடித்த கல் இரண்டு பக்கமும் இருக்கும். பனியில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அந்தக் கல் சக்கரத்துக்குப் பக்கத்தில் தெரியும். பையன் மிதிபலகையில் நின்று கத்துவான், நான் எண்ணுவேன். பன்னிரண்டு வந்தது. இடது பக்கம் திரும்பினேன். அந்த வருட மண்சரிவுக்குப் பிறகு இடையில் புதிதாக ஒரு மதகு கட்டி, அதற்கும் கல் வைத்து வெள்ளையடித்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பன்னிரண்டு பழைய பதினொன்று. அந்த இடத்தில்தான் மடுவத்துத் தடம்.

எண்ணியதில் பிழையில்லை. பையன் ஒன்றைக்கூட விடவில்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாகத் திரும்பினேன்.

டொப்ளரைப் பற்றி 8ஆம் தேதி எழுதியபோது இதைத்தான் எழுதப் போனேன். துரையைப் பற்றிய பொய் குறுக்கே நின்றது.

ஜூலை 20

தம்பி, "அப்படியென்றால் சாரதியின் தவறுதான் என்று ஆகிறதே?" என்று கேட்டிருக்கிறாய். என் விஷயத்தில் ஆம். தூணின் காசு நியாயமாகத்தான் பிடித்தார்கள்.

ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன். முப்பது வருடம் பொய் சொல்ல முடிந்தது, இப்போது திருத்தவும் முடிகிறது. இறந்த விமானிக்கு இரண்டும் இல்லை. 1994 ஜூன் 2இல் பிரித்தானிய விமானப்படையின் சினூக் ஹெலிகொப்டர் ஸ்கொட்லாந்தின் கின்டையர் முனையில் பனிக்குள் மலையில் மோதி 29 பேர் இறந்தார்கள். (இறங்கும்போது அல்ல; எனக்குத் தெரியும், யாரும் எழுத வேண்டாம்.) அடுத்த வருடம் இரண்டு உயரதிகாரிகள், விமானிகள் இருவர் மீதும் பெரும் அலட்சியம் என்று எழுதி முடித்தார்கள். இறந்தவர்மீது அப்படி எழுதுவதென்றால் சிறிதளவும் சந்தேகம் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. சந்தேகம் இருந்தது. குடும்பங்கள் விடவில்லை. 2011இல்தான் அந்தத் தீர்ப்பை நீக்கினார்கள். விபத்து நடந்து பதினேழு வருடம்.

துரையின் மகன் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தால் ஒரு கடிதம் எழுதுவேன். "உங்கள் அப்பா தூங்கினார்" என்று ஒரு கடிதம். என்ன நினைப்பாரோ.

ஜூலை 27

கிளீனர் வந்திருந்தான். கிளீனர் என்று சொல்லக் கூடாது, முதலாளி. தன்னுடைய காரில் வந்தான். மகள் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்தாள். நல்ல வெயில், ஏழு கன்னியர் ஏழு பேரும் தெரிந்தார்கள். மதகை எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று அந்தப் பாதையில் போனோம். அவன் ஓட்ட, இந்த முறை நான் எண்ணினேன்.

கோயில் வளைவிலிருந்து தோட்டப் பாதை வரைக்கும் பதினான்கு என்று நான் சொல்கிறேன். பதின்மூன்று என்று அவன் சொல்கிறான். ஒன்று மதகே அல்ல, தண்ணீர்க் குழாய்க்குப் போட்ட கொங்கிரீட் என்கிறான். கல் வைத்து வெள்ளையடித்திருக்கிறதே என்றேன். கல் வைத்தால் மதகாகிவிடுமா என்றான். திரும்பி வரும்போது மறுபடி எண்ணலாம் என்று இருந்தோம். மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. மடுவத்துக்குப் பக்கத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, அவன் கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தோம். எங்களைக் கடந்து ஒரு முச்சக்கர வண்டி பனிக்குள் போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆறரை வரைக்கும் இருந்தோம்.